ஆயுத பூஜை முடிந்து கவுன்ட்டரைப் போடும்போது

ஃப்ரீக்வென்சி கவுன்ட்டரை எப்படிப் பழகுவது என்று, லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் எழுதப் போவதில்லை. கருவியோடு வருகிற புத்தகத்திலேயே அது இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உறையை இதுவரை யாரும் கிழித்ததில்லை என்பது வேறு விஷயம். இந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் என் கண்முன் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பொத்தான்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு முன்னால் இரண்டே விஷயம். கவுன்ட்டர் செய்வது ஒரே வேலை. உள்ளே வருகிற அலைகள் ஒரு நொடிக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லும். எங்கிருந்து வந்த அலை என்று அது கேட்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதிலும் மாட்டாமல் கிடந்த அதன் ஒயர் நுனியை விரலால் தொட்டேன். ஐம்பது என்று காட்டியது. எனக்கு உள்ளுக்குள் ஏதோ கோளாறு என்றே பயந்துவிட்டேன். சுவருக்குள் ஓடுகிற கரண்ட்டின் அலையைத்தான் என் உடம்பு வாங்கிக் கொடுத்தது என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி காட்டுகிற எந்த எண்ணையும் நான் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை.

இரண்டாவது விஷயம், நொடி என்பது எவ்வளவு நேரம் என்று அதற்கு யார் சொல்வது? உள்ளே ஒரு சின்ன குவார்ட்ஸ் கல் இருக்கிறது, அதுதான் சொல்லும். கல்லின் சூடு மாறினால் நொடியின் நீளமும் மாறிவிடும். அதனால் கல்லை ஒரு சிறிய சூட்டுப் பெட்டிக்குள் போட்டு இரவும் பகலும் ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள். முன்பக்க சுவிட்சை அணைத்தாலும், பின்னால் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அந்தச் சூடு போகாது. பிளக்கில் கரண்ட் நின்றால் கல் ஆறிவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் பழைய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். ஆறின கல்லோடும் கவுன்ட்டர் எண்ணத்தான் செய்யும், எட்டு இலக்கமும் பளிச்சென்று தெரியும். அந்த எண் பொய் என்று அதன் முகத்தில் எங்கும் எழுதியிருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் சர்வீஸ் கடை இருந்தது. வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் தொழில். முதலாளி, நான், ஜாபர் என்று மூன்று பேர். ஜாபர் கோட்டைமேட்டுக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். கை அவ்வளவு சுத்தம், அவர் வைத்த ஈயப் பற்றை நான் ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவார். மற்ற நேரத்தில் வாயைத் திறக்க வைப்பதே பெரும்பாடு.

அந்த வருஷம்தான் முதலாளி நல்லதொரு கவுன்ட்டர் வாங்கினார். பெங்களூரிலிருந்து ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்ததாகச் சொல்வார், நாங்களும் நம்புவோம். அது வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. பூஜை என்றால் முதலாளிக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. மீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர் என ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார். துடைக்கிற வேலை எப்போதும் ஜாபருடையது, அவரைப்போல் யாராலும் துடைக்க முடியாது. பூஜை தொடங்குவதற்கு முன்பே நான் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் கடை விடுமுறை. அதற்கு அடுத்த நாளும் மத்தியானம்தான் வருவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

சொன்னபடி மத்தியானம் வந்தேன். ஜாபர் என் மேஜையில் ஒரு கைச்செட்டை வைத்துவிட்டு, "பேட்டரி சார்ஜ் நிக்கலீங்க அக்கா, அதனால இத மட்டும் குடுக்கல. பாக்கி அஞ்சும் காலைலயே எடுத்துட்டுப் போய்ட்டாங்க," என்றார். மதுக்கரைக்கு அப்பால் உள்ள ஒரு கருங்கல் குவாரியின் செட்டுகள் அவை. பூஜைக்கு முன்பே பழுது பார்த்து முடித்திருந்தோம். எல்லா செட்டையும் ஒரே அலைவரிசையில் நிறுத்துகிற கடைசி வேலைதான் பாக்கி இருந்தது. அதற்குத்தான் கவுன்ட்டர். கடை திறக்கிற நேரத்துக்கே குவாரி ஜீப் வந்து நின்றுவிட்டதாம். அவர்கள் காத்திருக்க, ஜாபர் ஒவ்வொன்றாக அலைவரிசை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

பேட்டரியை மாற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் அந்தச் செட்டைக் கவுன்ட்டரில் ஒருமுறை பார்த்தேன். எண் எங்கோ இருந்தது, கொஞ்ச நஞ்ச வித்தியாசமல்ல.

"ஜாபர், இதை வச்சாச்சா, இன்னும் வைக்கணுமா?"

"வச்சுட்டனுங்க அக்கா. மொதல்ல வச்சதே அதுதான். கடைசி இலக்கம் வரைக்கும் சரியா இருந்துச்சு."

"இப்ப வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். ஒயரைக் கழற்றி மாட்டினார். எண் அதேதான்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். செட்டைத் திருகிச் சரியாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். எனக்கும் கை அங்கேதான் போனது. ஆனால் ஜாபர் சரியாக வைத்தேன் என்றால் சரியாகத்தான் வைத்திருப்பார். அப்படியானால் இரண்டில் ஒன்று பொய், காலையில் கவுன்ட்டர் காட்டியது, அல்லது இப்போது காட்டுவது. கடையில் இருப்பதோ ஒரே கவுன்ட்டர்.

எங்கள் அலமாரியில் எப்போதும் ஒரே அளவில் அலை எழுப்புகிற, கம்பெனி சீல் உடையாத ஒரு அலையாக்கி இருந்தது. யாரும் கை வைக்கக் கூடாது என்று தனியாக வைத்திருந்தோம். அதை மாட்டினால் கவுன்ட்டர் என்ன காட்ட வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். எடுத்து மாட்டினேன், சரியாகக் காட்டியது. அப்படியானால் இப்போது கவுன்ட்டர் உண்மை பேசுகிறது. பொய் சொன்னது காலையில்தான்.

"காலைல ஒண்ணொண்ணா வைக்கும்போது எண் ஏதாச்சும் நகர்ந்துச்சா?" என்று கேட்டேன்.

ஜாபர் யோசித்தார். "மூணாவது செட்டு வைக்கும்போது மெல்ல நழுவிக்கிட்டே இருந்துச்சுங்க. செட்டுதான் சூடாகுதுன்னு நெனச்சேன்."

கவுன்ட்டரின் முன்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அதற்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. உள்ளே கல் இன்னும் சூடாகவில்லை, பொறு என்று சொல்வதற்காக வைத்த விளக்கு அது. இப்போது அணைந்திருந்தது. காலையில் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். பொட்டு வைத்த கை யாருடையது என்று நாங்கள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"பிளக்க யாரும் புடுங்கலீங்க அக்கா. நான் பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சேன்," என்றார் ஜாபர்.

முதலாளி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிளக்க எதுக்குப் புடுங்கோணும்? பூஜை முடிஞ்சு வெளக்கு குளுந்ததும் நான் மெயினையே எறக்கிப்போட்டுத்தான் போனேன். வருசம் பூரா நமக்காக ஓடுனதுங்க, ஒரு நாளாச்சும் படுக்கட்டும்னு. இன்னிக்குக் காலைல நாந்தான் வந்து போட்டேன். ஏன் அம்மணி, என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

நடந்தது இதுதான். முதலாளி மெயினைப் போட்ட சிறிது நேரத்திலேயே ஜாபர் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆறின கல் சூடேறச் சூடேறக் கவுன்ட்டர் ஒவ்வொரு செட்டுக்கும் ஒவ்வொரு அளவில் பொய் சொல்லியிருக்கிறது. முதலில் வைத்தது நிறையத் தள்ளி, கடைசியில் வைத்தது கொஞ்சம் தள்ளி. ஒரு அறைக்குள் வைத்துப் பேசிப் பார்த்தால் எல்லாம் நன்றாகக் கேட்கும், பக்கத்தில் இருப்பதால் சத்தம் பலமாக விழும். ஜீப்பில் ஏற்றும் முன் ஜாபர் பேசிப் பார்த்துத்தான் கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று நின்றால்தான் குரல் கரகரத்து உடையும்.

குவாரியில் அந்தச் செட்டுகள் எதற்கு என்று எங்கள் மூவருக்கும் தெரியும். வெடி வைக்கும் முன் பாறையைச் சுற்றி நான்கு மூலையிலும் காவலுக்கு ஆள் நிற்பார்கள். ஒருவர் நிற்கிற இடம் இன்னொருவருக்குத் தெரியாது, நடுவில் மலை. தன் பக்கத்தில் ஆள் இல்லை என்று ஒவ்வொருவரும் செட்டில் சொன்ன பிறகுதான் வெடி மேஸ்திரி திரியைப் பற்ற வைப்பார். பற்ற வைத்தபின் அதை நிறுத்த யாராலும் முடியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு வெடி. அப்போது மூன்று தாண்டியிருந்தது.

போன் அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வெடி நாளில் ஆபீஸைக் காலி செய்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள் என்று முதலாளி சொன்னார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அவங்க கொண்டுபோய்ப் பேசிப் பாத்திருப்பாங்க அம்மணி. கேக்கலீன்னா இந்நேரம் போன் வந்திருக்கும். நாளைக்கு வெடி இல்ல, அப்பப் போய், சத்தமில்லாம எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்தர்லாம். இப்பப் போய் நாமளே தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்மகிட்டச் செட்டக் குடுப்பான்?" என்றார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷத்தில் நல்லவர்களுக்கும் இந்த யோசனைதான் முதலில் வரும். கருவி தப்பு என்று தெரிந்தவுடன் நம் மனது அதைச் சரி செய்ய ஓடும், சரி செய்துவிட்டால் தப்பே நடக்காததுபோல் ஆகிவிடும் என்கிற ஆசை. ஜாபரும் அதற்குள் கவுன்ட்டரின் பிளக்கில் கை வைத்துவிட்டார், அங்கேயே கொண்டுபோய் வைத்துத் தருவதற்காக. பிடுங்கினால் கல் மறுபடி ஆறும் என்பதுகூட அவருக்கு அப்போது ஓடவில்லை.

"கவுன்ட்டர் வேண்டாம் ஜாபர். நாம திருத்தப் போகலை. நிறுத்தப் போறோம்," என்றேன்.

ஜாபர் கையை எடுத்தார். முதலாளியைப் பார்த்து, "நாந்தானுங்க வச்சுக் குடுத்தேன். நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க என்ன வேணும்னாலும் செய்ங்க," என்றார். நான் அறிந்தவரை முதலாளியிடம் அவர் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். முதலாளி போனை எடுத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார். நாங்கள் திரும்பி வரும்வரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை என்று துணிக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஜாபர் வண்டி ஓட்டுகிற நிலையில் இல்லை. என் ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். உக்கடத்தில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. குனியமுத்தூர் தாண்டியதும் பாலக்காட்டுக் காற்று வண்டியைத் தள்ளியது, மேற்கே மழை கறுத்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்க லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

குவாரிச் சாலையில் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். முதல் சைரன் இன்னும் ஊதவில்லை. மேஸ்திரியின் தகரக் கொட்டகை சாலைப் பக்கமே இருந்ததால் நேராக அங்கே போனோம். ஐம்பது வயதிருக்கும், கட்டையான மனிதர், கழுத்தில் துண்டு, கையில் நாங்கள் கொடுத்த செட்டு.

ஜாபர் வண்டியிலிருந்து இறங்கியபடியே, "வெடி வைக்காதீங்க. காலைல நான் குடுத்த செட்டு எதுவும் சரியில்லீங்க. தப்பா வச்சுட்டேன்," என்றார். கவுன்ட்டர், கல், பூஜை எதையும் அவர் இழுக்கவில்லை.

மேஸ்திரி நிதானமாகத்தான் கேட்டார். "மத்தியானம் எல்லாத்தையும் கூப்பிட்டுப் பாத்தனுங்களே. நாலு பேரும் பேசுனாங்களே."

"என்ன பேசினாங்கன்னு வெளங்குச்சுங்களா?" என்று நான் கேட்டேன்.

அவர் கையிலிருந்த செட்டைப் பார்த்தார். "மூணு பேரு சொன்னது வெளங்குச்சுங்க. பொறத்தால மூலைல நிக்கறவன் பேசுனது கரகரன்னுதான் வந்துச்சு. பேசறான்னு தெரிஞ்சுது. ஆளில்லைன்னுதானே எப்பவும் சொல்லுவான்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். பிறகு செட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவரை அனுப்பி அந்த மூலைக் காவல்காரரைக் கூட்டிவரச் சொன்னார்.

காவல்காரர் வர வெகுநேரம் ஆனது. வயதானவர், மூச்சு வாங்கியது.

"மத்தியானம் நான் கூப்புட்டப்ப நீ என்னய்யா சொன்ன?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கீழ பொதருக்குள்ள ரெண்டு பொம்பளைங்க வெறகு பொறுக்குறாங்க, நான் கத்துனா காத்துல கேக்க மாட்டேங்குது, ஒரு ஆள உட்டு அவங்களக் கெளப்பி உடுங்கன்னு சொன்னனுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"உங்க கொரலும் கரகரன்னுதானுங்க வந்துச்சு. சரின்னுதான் சொல்லியிருப்பீங்கன்னு வச்சுக்கிட்டேன். ஆள் வரும் வரும்னு பாத்துட்டே இருந்தேன்."

"இப்ப எங்க அவங்க?"

"அங்கயேதானுங்க இருக்காங்க. பொழுது எறங்குனாத்தானுங்க வருவாங்க."

ஜாபர் தகரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே நடந்து பாறைக்குப் பின்பக்கம் போனார். போகும் முன் எல்லாச் செட்டையும் வாங்கி எங்களிடம் கொடுத்துவிடச் சொன்னார். அன்றைக்கு வெடி பழைய முறைப்படி, மூலைக்கு ஒருவர் நேரில் வந்து சொன்ன பிறகுதான் என்றும் சொன்னார். எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கவுன்ட்டர்களில் வேலை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு கருவி தவறாகக் காட்டுகிறது என்று தெரிந்தால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, அது ஏன் தவறாகக் காட்டுகிறது என்பது அல்ல. அது பொய் சொன்ன நேரத்தில் நாம் அளந்து கொடுத்த பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான். உங்களுக்கும் அந்தக் கேள்வி முதலில் வர வேண்டும். காரணத்தைச் சாவகாசமாகத் தேடலாம், அது எங்கும் ஓடிப்போகாது.

செட்டுகளை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். மெயின் ரோட்டுக்கு வருகிற மண்பாதையில் இரண்டு பெண்கள் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் மலைக்கு அந்தப் பக்கம் சைரன் ஊதியது, சிறிது நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டுத் தரை லேசாக அதிர்ந்தது. அந்தப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர்களுக்கு அது கேட்டுப் பழகிய சத்தம்.

இருவரில் மூத்தவர் எழுந்து சேலையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு ஜாபரைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இந்தச் சொமையச் சித்தத் தூக்கி உடு."

ஜாபர் இறங்கிப் போனார். சுமையைத் தூக்கி அவர் தலையில் வைத்து, அது நிலையாக உட்காரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்மணி சுமைக்கு அடியிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கண்ணு, கை இப்படி நடுங்குது. மத்தியானம் சோறு திங்கலியா?"

"இல்லீங்கம்மா," என்றார் ஜாபர்.